பச்சை ரூமில் வளர்ந்த பூச்சி

அமுதவள்ளியைக் கெட்டிக்காரி என்று தெருவில் சொல்வார்கள். அந்தச் சொல் அவளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கெட்டிக்காரர்கள் ஒரு வேலையை எடுத்தால் சட்டென்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அவள் எதையும் சட்டென்று முடித்தவள் இல்லை. எம்.எஸ்சி. முடித்துப் பல வருஷம் கழித்து, கூடப் படித்தவர்களின் டாக்டர் பட்டமெல்லாம் பழசாகிப்போன பிறகு, ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கல்யாணப் பேச்சு தட்டித் தட்டிப் போய், ஒரு கட்டத்தில் பேச்சை எடுப்பவர்களே இல்லாமல் போனார்கள். அதில் அவளுக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அவளைப் பற்றித் தயங்காமல் சொல்லக்கூடியது ஒன்றுதான்: காத்திருக்கத் தெரிந்தவள். அதிலும் ஒரு முறை தவறினாள். அந்த ஒரு முறையைச் சொன்னால் அவளைச் சொன்னதாகிவிடும்.

அவள் பிறந்து வளர்ந்தது செராமிக் பட்டறைக்குப் பின்னால். அப்பா சாமிதுரை தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய்த் தொழில் பழகி, பிறகு வீட்டை ஒட்டிச் சொந்தமாகப் பட்டறை போட்டார். அவர் காலத்துக்குப் பிறகு தம்பி திலீபன் நடத்துகிறான். பொம்மை, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, எதற்கு ஆர்டர் வருகிறதோ அது. கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து எடுப்பார்கள். அப்படி எடுத்த பண்டம் சூளைக்குப் போகும்வரை இருக்கும் இடம், பட்டறையின் வடக்குப் பக்கம் ஜன்னலில்லாத ஒரு நீள அறை. அதற்குப் பச்சை ரூமு என்று பெயர். சுவரில் சுண்ணாம்பு வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது. சூளையில் வேகாத எதுவும் அந்த வீட்டில் பச்சைதான். வெள்ளை மண்ணில் வார்த்த பிள்ளையாரும் பச்சை, சாம்பல் மண்ணில் வார்த்த ஜாடியும் பச்சை. அந்த வீட்டுக் குழந்தை முதலில் கேட்கும் அதட்டல் "தொடாத, பச்சை" என்பதாகத்தான் இருக்கும். பச்சைப் பண்டம் விரல் பட்டால் அமுங்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் வளைந்துபோகும். அந்த வளைவோடு சூளைக்குப் போனால் பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது. வெயிலில் வைத்து அவசரப்பட்டால் வெடிக்கும். அதனால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தி, மெதுவாகக் காயவிடுவார்கள். சித்திரை மாதத்தில்கூட அந்த அறைக்குள் போனால் உடம்பு சிலிர்க்கும்.

அந்த அறையின் ஒரு மூலையைத்தான் அமுதவள்ளி தன் பூச்சிகளுக்காகத் தம்பியிடம் கேட்டு வாங்கினாள்.

ஆங்கிலத்தில் அதை ஸ்டோன்ஃப்ளை என்பார்கள். தமிழில் ஊரறிந்த பெயர் இல்லை. வகுப்பில் கல்லீ என்று சொல்லிப் பார்த்தாள். மாணவிகள் கள்ளி என்று எழுதி வைத்தார்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து ஏறினால் ஓர் ஓடை வரும். அதில் கல்லைப் புரட்டினால் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு கால், பின்னால் இரண்டு நீள வால், கால் உடம்போடு சேரும் இடத்தில் பஞ்சு போலச் செவுள். குளிர்ந்து ஓடுகிற சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் புழுப் பருவம்தான். பிறகு ஒரு நாள் தண்ணீரைவிட்டு ஏறி வந்து, முதுகு வெடித்து, இறக்கையோடு வெளியே வரும். சில நாள் இருந்து, ஜோடி சேர்ந்து, செத்துப்போகும்.

தண்ணீருக்குள் இருப்பதையும் இறக்கையோடு இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே உயிர் என்று யாருக்கும் தோன்றாது. சாயலை வைத்துச் சொல்லலாம்தான். ஆனால் சாயல் ஏமாற்றும். இது அதுவாக மாறுவதைக் கூடவே இருந்து பார்த்தவர்தான் இதுவும் அதுவும் ஒன்று என்று உறுதியாகச் சொல்ல முடியும். மனிதர்கள் விஷயத்தில் நாம் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. பூச்சிகள் விஷயத்தில் அறிவியல் இருக்கிறது.

அந்த மலைப்பக்கத்திலிருந்து வெகு காலத்துக்கு முன்பு யாரோ பிடித்த ஒரே ஓர் ஆண் பூச்சியை வைத்து ஓர் இனத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். பழுப்பு இறக்கை, வயிற்றின் நுனியில் உள்பக்கம் வளைந்த இரண்டு கொக்கி. அதற்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை. அதன் புழு எப்படியிருக்கும் என்று எவருக்கும் தெரியாது. இதை அமுதவள்ளியிடம் சொன்னவன் செந்தமிழன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரன், எம்.எஸ்சி.யில் அவளோடு ஒரே வகுப்பு, இப்போது சென்னையில் ஒரு கல்லூரியின் பூச்சிச் சேகரிப்புக்குப் பொறுப்பாளன். பேச்சு இப்படி முடிந்தது: புழுவைப் பிடித்து வளர்த்து இறக்கை வரவைப்பது அவள் வேலை, வந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைவதும் ஆங்கிலத்தில் எழுதுவதும் அவன் வேலை, கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருக்கும்.

முதல் வருஷம் கண்ணாடித் தொட்டியில் வைத்தாள். விருத்தாசலத்து வெயிலில் தண்ணீர் சூடேறி, எல்லாம் செத்தன. இரண்டாவது வருஷம் திலீபன் மெருகு பூசாத, பாதி வேக்காட்டில் எடுத்த அகன்ற ஜாடி ஒன்றைச் செய்து கொடுத்தான். சுவர் வழியாக நீர் கசிந்து தண்ணீர் எப்போதும் குளிர்ந்தே இருந்தது. மீன்தொட்டிக் கடையில் வாங்கிய சின்ன மோட்டார் காற்றைக் குமிழ்விட்டது. சாப்பாட்டுக்குக் கொசுப்புழு, பட்டறைத் தொட்டியில் அதற்குக் குறைவேயில்லை.

திலீபனின் மனைவி ஜெயஸ்ரீ பெண்ணாடத்துப் பெண். கரும்புக்கு வெட்டு ஆர்டர் வாங்க ஆலை வாசலில் நின்று சண்டை போட்ட குடும்பம். நாத்தனார் தொட்டியில் சல்லடை போட்டு அரிப்பதைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஊரே கொசுவுக்கு மருந்து அடிக்குது. எங்க அண்ணி கொசுப்புழுவுக்கு வலை போடுறாங்க. அதையும் இன்னொரு புழுவுக்கு ஊட்டறதுக்கு."

அந்த வருஷம் ஒன்றே ஒன்று இறக்கை முளைத்து ஜாடி விளிம்பில் வந்து உட்கார்ந்தது. அமுதவள்ளி புட்டி எடுக்க வீட்டுக்குள் போய்த் திரும்புவதற்குள் சுவரிலிருந்து ஒரு பல்லி இறங்கி அதை வாயில் கவ்விக்கொண்டது. ஜெயஸ்ரீ சிரிக்காமல் துக்கம் விசாரித்தாள். அமுதவள்ளி அதை மறக்கவில்லை. பிற்பாடு நடந்த தவறுக்கு அந்தப் பல்லிக்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்றாவது வருஷம் தையில் கொண்டுவந்தவற்றில் மூன்று பிழைத்தன. மாசி தொடக்கத்தில் ஒரே காலையில் இரண்டு ஏறி வந்தன. இந்த முறை அமுதவள்ளி தயாராக இருந்தாள். பல்லிக்குப் பயந்து இரண்டையும் வலைமூடி போட்ட டப்பாவில் பிடித்து, வெளிச்சத்துக்காக முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் போனில் படம் எடுத்தாள். அச்சுகள் வெயிலில் வெடிக்காமலிருக்க முற்றத்துக்கு மேலே பச்சை நிழல்வலை கட்டியிருந்தார்கள். ஒரு கையில் ஸ்பிரிட் புட்டி, மறு கையில் போன். செந்தமிழன் பேசினான்.

"என்ன கலர்ல இருக்குது?"

"இப்பதான ஏறி வந்துச்சு. பச்சையா இருக்குது."

"பச்சையா? நல்லா பாத்தியா?"

"கண்ணு முன்னாடி வெச்சிக்கிட்டுப் பேசறேன். பச்சைங்கிறேன்."

பேசி முடித்ததும் இரண்டையும் ஸ்பிரிட்டில் போட்டு மூடினாள். இனி எந்தப் பல்லியும் தொட முடியாது. அன்று முழுக்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கூரியரில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது பூச்சிகள் ஸ்பிரிட்டில் நிறம் வெளுத்து வைக்கோல் நிறத்தில் இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். நிறத்துக்குத்தான் அமுதவள்ளியின் வார்த்தையும் படமும் இருக்கிறதே. வலையின் நிழலில் எடுத்த படத்தில் பூச்சியும் டப்பாவும் அவள் கட்டைவிரலும் இலேசான பச்சையில்தான் இருந்தன.

இரண்டு வாரத்தில் செந்தமிழன் கட்டுரையின் நகலை அனுப்பினான். பழைய இனத்துக்கு நெருக்கமானது, ஆனால் அது இல்லை என்று எழுதியிருந்தான். அதற்கு இரண்டு காரணம். பழையதன் கொக்கிகள் உள்பக்கம் வளைந்தவை, இதன் கொக்கிகள் வெளிப்பக்கம் சரிந்தவை. பழையதன் இறக்கை பழுப்பு, இதன் இறக்கை உயிரோடு இருக்கும்போது வெளிர்பச்சை. ஆகவே இது உலகத்துக்குப் புதிய இனம். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் அமுதவள்ளி. லத்தீனில் ஒரு சின்ன வால் சேர்த்திருந்தது, அவ்வளவுதான். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆச்சரியப்படட்டும் என்று நினைத்திருக்கிறான்.

அவள் ஆச்சரியப்பட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே நின்றாள். அப்பா பெயரில் பட்டறை இருந்தது. அவள் பெயரில் ரேஷன் கார்டில் ஒரு வரி இருந்தது. இப்போது ஓர் உயிருக்கு அவள் பெயர். அவள் செத்த பிறகும், கல்லூரி இடிந்த பிறகும், எந்த நாட்டுக்காரனாவது அந்தப் பூச்சியைப் பற்றிப் பேசினால் அவள் பெயரைச் சொல்லியாக வேண்டும். சந்தோஷப்படுவதில் தவறில்லை. சந்தோஷம் கண்ணை எங்கே நிறுத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அவள் கண் பெயரிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் முறை படித்தபோது வெளிர்பச்சை என்ற இடத்தைப் பார்த்தாள். படத்தை எடுத்துப் பார்த்தாள். படத்தில் பச்சையாக இருந்தது. அப்படித்தான் இருந்தது போலும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு படம் கையில் இருந்தால் ஞாபகம் அதோடு வாதாடுவதில்லை.

சாயங்காலத்துக்குள் ஜெயஸ்ரீ தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அமுதவள்ளி யாரிடமும் சொல்லும் முன்பே செய்தி கல்லூரிக்கும் எட்டியது. ஆண்டு விழாவில் சால்வை போர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். திலீபன் அச்சுக்குள் மண்ணை அழுத்தி ஓர் ஓடு செய்தான். நடுவில் பூச்சியின் உருவம், கீழே அமுதவள்ளி என்று எழுத்து. காய்ந்ததும் சூளையில் வைத்து, நீல மெருகு கொடுத்து வாசலில் பதிக்க வேண்டும் என்பது அவன் திட்டம். அதுவரைக்கும் பச்சை ரூமில் ஜாடிக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காட்டுவதற்காக ஜெயஸ்ரீ அந்த ஓட்டைத் தூக்கப் போனாள். ஜாடிக்குக் கொசுப்புழு போட்டுக்கொண்டிருந்த அமுதவள்ளி திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "தொடாத ஜெயா, பச்சை."

சொன்ன வாய் அப்படியே நின்றது. வெள்ளை ஓடு அது. பச்சை என்று அவள்தான் சொன்னாள், இப்போது, தன் வாயால். இரண்டு வாரத்துக்கு முன்பு போனில் சொன்னதும் இதே வாய்தான். அந்தக் காலை இப்போது படத்தின் உதவி இல்லாமல் ஞாபகம் வந்தது. ஜாடி விளிம்பில் ஏறி வந்தவை வேகாத மண்ணைப் போல வெளுப்பாக, ஈரமாக, தொட்டால் அமுங்கும்போல இருந்தன. அதைத்தான் பச்சை என்றாள். அவன் கேட்டது நிறம். அவள் சொன்னது நிறமே இல்லை.

கொக்கி விஷயமும் அதோடு சேர்ந்து அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தோலிலிருந்து புதிதாக வெளியே வரும் பூச்சியின் உடம்பு இறுகுவதற்கு நேரமாகும். நிறம் ஏறுவதற்கும் அதே நேரம் ஆகும். அந்த நேரத்தை அவள் கொடுக்கவில்லை, ஸ்பிரிட்டில் போட்டுவிட்டாள். இளசாக இருந்த கொக்கிகள் இறுகாமலே சரிந்து, சரிந்தபடியே நின்றுவிட்டன. பச்சையில் வளைந்த பண்டம். புதிய இனத்துக்குச் சொன்ன இரண்டு காரணமும் அவளுடைய ஒரே அவசரத்திலிருந்து வந்தவை.

மதியம் வகுப்பு முடிந்ததும் செந்தமிழனைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. அது புது இனமில்லை, பழையதுதான் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.  அவன் கேட்டான், தோலிலிருந்து வந்து இன்னும் இறுகாத பூச்சிக்கென்று ஆங்கிலத்தில் டெனரல் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது அவளுக்குத் தெரியாதா என்று.

"தெரியாம என்ன? வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடற வார்த்தை. அன்னிக்கி அது வரல. வூட்டு வார்த்தை முந்திக்கிச்சு."

"அமுதா, நீ பச்சைன்னு சொன்ன, உன் வார்த்தைய நம்பி எழுதினேன். இப்ப இல்லங்கிற, மறுபடி உன் வார்த்தைய நம்பி அடிக்கச் சொல்ற. எந்த வார்த்தைய நம்பறது?"

அவன் கேட்டது நியாயம். அவளுக்கு அது வலித்தது என்றாலும் நியாயம்தான். நினைவை வைத்து எழுதினதை வேறொரு நினைவை வைத்துத் திருத்தக்கூடாது. ஜாடியில் இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள். மற்ற இரண்டைப் போலவே சின்ன உருவம், அதனால் ஆணாகத்தான் இருக்கும். அது ஏறி வந்ததும் தொடாமல் விட்டு, முழுக்க இறுகிய பிறகு பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொன்னாள்.

அது செத்துவிட்டால் என்று அவன் கேட்டான். செத்துவிட்டால் கட்டுரை இல்லை என்றாள். மூன்று வருஷ வேலை என்று அவன் நினைவுபடுத்தினான். புழுவைப் பற்றி எழுதியது முழுக்கச் சரிதான், அதுவும் சேர்ந்து போய்விடும் என்றான். தெரியும் என்றாள்.

போனை வைத்த பிறகு அவளுக்குள் வேறொரு யோசனையும் வராமல் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? போன நூற்றாண்டில் ஒருவர் பார்த்தது, இந்த நூற்றாண்டில் இரண்டு பேர் பார்த்தது. அடுத்த ஆள் எப்போது அந்த ஓடையில் கல்லைப் புரட்டப் போகிறாரோ. அதுவரை அவள் பெயர் நிற்கும். அந்த யோசனையைக் கொஞ்ச தூரம் போகவிட்டுப் பார்த்தாள். அது போய் நின்ற இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளிர்பச்சை இறக்கையும் சரிந்த கொக்கியும் உள்ள பூச்சி எந்த மலையிலும் இல்லை. அவள் பெயர் இருக்கும், பெயருக்கு உரிய பூச்சி இருக்காது. அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டில் ஆள் இல்லாமல் வாசலில் பலகை மாட்டின கதை.

மறுநாள் கல்லூரியில் முதல்வரிடம் சால்வையை நிறுத்தி வைக்கும்படி சொன்னாள். அவர் புரியாமல் பார்த்தார். இன்னும் உறுதியாகவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜாடியில் மிச்சமிருந்த புழுவின் முதுகில் இறக்கை மொட்டுகள் கறுத்துக்கொண்டு வந்தன. நேரம் நெருங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெளியே வெயிலும் ஏறிக்கொண்டு வந்தது. மாசி மகத்துக்குக் கடை போடுகிறவர்கள் பொம்மை கேட்டிருந்தார்கள். தை பிறந்ததிலிருந்து எரியாத சூளையைத் திலீபன் பற்றவைத்தாக வேண்டும். சூளையின் பின்சுவரும் பச்சை ரூமின் சுவரும் ஒன்று. சூளை எரிந்தால் அந்த மூலை இரண்டு நாளைக்குக் கொதிக்கும். ஜாடியை வேறு எங்கே நகர்த்தினாலும் அதைவிட மோசம்.

அமுதவள்ளி தம்பியிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் மறுக்க மாட்டான் என்பதால்தான் கேட்கவில்லை. அவன் தானாகவே ஒரு காலையில் வந்து, காய்ந்த பொம்மைகளை எல்லாம் வைக்கோல் போட்டு வண்டியில் அடுக்கத் தொடங்கினான். தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் கலியமூர்த்தியின் சூளையில் இடம் கேட்டிருந்தான். வேகாத பொம்மையை வண்டியில் ஏற்றி விருத்தாசலத்து ரோட்டில் கொண்டுபோவது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று மண் வேலை தெரிந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போன பிள்ளையார்களில் பாதிக்குத் தும்பிக்கையோ காதோ இல்லாமல் போனது.

"இத்தினி காலமா எலிக்குத்தான் புள்ளையாரு எடம் குடுத்தாரு," என்றாள் ஜெயஸ்ரீ, உடைந்த காதுகளை முறத்தில் பொறுக்கிக்கொண்டே. "எங்க வூட்டுல புழுவுக்கும் குடுத்துட்டாரு."

சொன்னாளே தவிர, அன்றிலிருந்து பல்லி தன் பொறுப்பு என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். விளக்குமாற்றோடு பச்சை ரூமின் சுவரைச் சுற்றி வருவாள். அந்த அறையில் பல்லிகளுக்கு அப்படியொரு கஷ்டகாலம் அதற்கு முன் வந்திருக்காது.

மகத்துக்கு முந்தின நாள் விடியற்காலை புழு ஏறி வந்தது. ஜாடியின் உள்சுவரில் தண்ணீருக்கு மேலே வந்து, ஆறு காலையும் ஊன்றி நின்றது. ஜாடி மெருகில்லாமல் சொரசொரப்பாக இருந்ததால் கால் வழுக்கவில்லை. அமுதவள்ளி ஒரு மணையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பிரிட் புட்டியை வேண்டுமென்றே வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

முதுகில் ஒரு கோடு பிளந்தது. உள்ளிருந்ததும் தோலும் கொஞ்ச நேரம் ஒன்றாகவே இருந்தன. எது போகிறது, எது வருகிறது என்று சொல்ல முடியாத நிலை. பிறகு தலை வெளியே வந்தது, மடிந்திருந்த இறக்கை வந்தது, கடைசியில் இரண்டு வால். பழைய தோல் சுவரில் ஒட்டியபடி காலியாக நின்றது. வந்தது அதற்குப் பக்கத்தில் வெளுப்பாக, நனைந்த காகிதம் போல நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜெயஸ்ரீ தோளுக்குப் பின்னால் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்: "இதுவா பச்சை?"

"இதுதான் பச்சை."

"வெள்ளையா இருக்குது அண்ணி."

"ஆமா. இது நம்ம வூட்டுப் பச்சை. சென்னையில இருக்கறவருக்குத் தெரியுமா?"

ஜெயஸ்ரீ விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள்.

அமுதவள்ளி தொடவில்லை. லென்ஸை எடுத்துப் பார்க்கக் கை பரபரத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். காத்திருப்பது ஒன்றும் பெரிய குணமில்லை. வேறு வழியில்லாதவர்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள். வழி இருக்கும்போது, புட்டிக்கு ஓடலாம் என்று இருக்கும்போது, உட்கார்ந்திருப்பதைத்தான் கணக்கில் சேர்க்கலாம். முதலில் இறக்கையின் நரம்புகளில் நிறம் ஏறியது, யாரோ மெல்லிய பேனாவால் கோடு போட்டது போல. பிறகு கோடுகளுக்கு இடையில் நிரம்பியது. கால்கள் கறுத்தன. தலையில் நெற்றிக்கு நடுவே மட்டும் ஒரு மஞ்சள் திட்டு அப்படியே நின்றது. வெயில் கதவிடுக்கில் கோடாக விழுந்து, நகர்ந்து, எதிர்ச்சுவருக்குப் போனது. நடுவில் ஜெயஸ்ரீ சோற்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் அந்தப் பூச்சி சுவரில் மேலே நடந்து ஜாடி விளிம்பில் வந்து நின்றபோது அது முழுப் பழுப்பு.

அப்போதுதான் லென்ஸை எடுத்தாள். ஆண். வயிற்றின் நுனியில் இரண்டு கொக்கி. இரண்டும் உள்பக்கம் வளைந்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, கெட்டியாக நின்றன.

டப்பாவில் பிடித்து, நிழல்வலையைத் தாண்டி வாசலுக்குக் கொண்டுபோனாள். வெந்த வெள்ளைத் தட்டு ஒன்றில் வைத்து நேர் வெளிச்சத்தில் படம் எடுத்தாள். தட்டு வெள்ளையாக இருந்தது, அவள் விரல் அவள் விரல் நிறத்தில் இருந்தது, பூச்சி பழுப்பாக இருந்தது. செந்தமிழனுக்கு அனுப்பினாள். சுவரில் காலியாக நின்ற தோலையும் பத்திரமாக எடுத்து ஒரு புட்டியில் போட்டாள். அந்தத் தோல் புழுவினுடையது, இந்தப் பூச்சி அதிலிருந்து வந்தது. உலகத்தில் இந்த இரண்டையும் ஒன்று என்று பார்த்துச் சொல்லக்கூடியவள் அப்போது அவள் ஒருத்திதான். ஜெயஸ்ரீயையும் சேர்த்தால் இரண்டு பேர்.

திலீபன் வந்து பார்த்தான். விஷயம் அவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் பலகையிலிருந்த ஓட்டைப் பார்த்தான்.

"இத என்னக்கா பண்றது? அடுத்த வேக்காட்டுல வெச்சிடவா? பேரு இல்லன்னா என்ன, சும்மா வாசல்ல இருக்கட்டும்."

அவள் ஓட்டை எடுத்தாள். பூச்சியின் உருவம் நன்றாகத்தான் வந்திருந்தது, திலீபன் கை. கீழே அவள் பெயர். சூளைக்குப் போயிருந்தால் இனி ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் போகவில்லை. மண் ஊறப்போட்டிருந்த தொட்டியில் ஓட்டை மெதுவாக இறக்கினாள். முதலில் விளிம்பு கரைந்தது, பிறகு எழுத்து.  மண் வேலைக்காரனுக்கு இதில் அதிர்ச்சியடைய எதுவும் இல்லை. கோணலாக வந்ததைக் கரைத்து மறுபடி வார்ப்பது தினப்படி வேலை.

அப்போது போன் அடித்தது. செந்தமிழன் படத்தைப் பார்த்துவிட்டிருந்தான். பழைய இனம்தான், அப்பட்டமாக அதுதான் என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்தது, அதைவிட அதிகமாக வேறு ஏதோ வேகம் இருந்தது. இத்தனை காலம் யாரும் பார்க்காத பூச்சி இன்னும் இருக்கிறது என்பது ஒன்று. அதன் புழு முதன்முதலாகத் தெரிகிறது என்பது இன்னொன்று. தலைப்பை மாற்றுகிறேன் என்றான். புழுவைப் பற்றிய பகுதி அப்படியே நிற்கும், பூச்சியைப் பற்றிய பகுதியை மட்டும் திரும்ப எழுத வேண்டும்.

"பேரு போச்சு, அமுதா," என்றான்.

"எங்க போவுது? வூட்டுலதான் இருக்குது. நீ எழுது."

"சரி, சொல்லு. இறக்கை என்ன கலர்னு போடறது?"

அவள் டப்பாவிலிருந்த பூச்சியைப் பார்த்தாள்.

"பழுப்பு. நல்லா வெந்த பழுப்பு."

அந்தப் பக்கம் எழுதும் சத்தம் நின்றது. "வெந்தன்னா?"

அமுதவள்ளி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பழுப்புன்னு மட்டும் போடு," என்றாள்.